இரும்புக் கதவுக்கு அப்பால்

கீழ்ப்பிரிவு,
கெலேகந்தத் தோட்டம்,
றக்வான.
2025 செப்டெம்பர் 4

அன்பு நண்பன் தருமலிங்கத்துக்கு,

காத்தமுத்து மகன் இந்திரகுமார் மிகுந்த தயக்கத்தோடு எழுதிக்கொள்வது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமையை முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பே நானே தொலைத்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா தருமு?

டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி போன திங்கட்கிழமைதான் எனக்குக் கிடைத்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மீசாலையிலிருந்து தக்‌ஷிகா என்று ஓர் இளம் டீச்சர் வந்திருக்கிறார். லீவு போட்டு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, "ஐயா, நீங்கள் விசாரிச்ச விமலாதேவி ரீச்சர் போன மாசம் மோசம் போயிட்டா" என்றார். நான் தேத்தண்ணி போட எழுந்தவன். கையில் இருந்த சீனிப் போத்தலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உன் அம்மாவைப் பற்றி உனக்கே நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் லயத்துத் தொழிலாளி பிள்ளை ஒருவன் ஸ்டாஃப் குவாட்டர்ஸுக்குள் முன்வாசலால் நுழைந்தது உங்கள் வீட்டில் மட்டும்தான். பின்பக்கமாக வந்து நின்ற என்னை, "என்ன பிள்ளை, கோழி பிடிக்க வந்தனியே, முன்னால வா" என்று கூப்பிட்டவர் அவர். நான் எழுதப் படிக்கத் தெரிந்து ஒரு கிளாக்கராக ஆனது அவரால். அவருடைய காரியத்துக்கு வந்து ஒரு ஓரமாக நிற்கக்கூட முடியாதபடி நான் நடந்துகொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தக்‌ஷிகா டீச்சர் உன் போன் நம்பரும் கொண்டுவந்து தந்தார். மூன்று தரம் அமுக்கிவிட்டு மணி அடிக்கும் முன்பே வெட்டினேன். குரலில் எனக்குத் தைரியம் வராது. நமக்கு எப்போதும் கடிதம்தானே.

முதலில் என் பாடு. பிரேமலதா, என் மனைவி, போய் மூன்று வருடம் ஆகிறது. அவளை உனக்குத் தெரியாது. நல்லவள், என்னைப் போல ஒரு ஊமைக் கோட்டானைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஓட்டினாள். மகள் ஷாமிளா கல்யாணம் கட்டி வத்தளையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். "அப்பா சாப்பிட்டீங்களா, பிரஷர் குளிசை போட்டீங்களா?" இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஆமாம் என்பேன். போன வருடம் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றேன். குவாட்டர்ஸை விட்டுவிட்டு அப்பாவின் பழைய லயத்து வீட்டுக்கே வந்துவிட்டேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இந்த வரிசையில் ஆறு கதவு, நான்கு பூட்டு. சில நாள் மத்தியானம்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நாயை அதட்டும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும். தனியாக இருக்கிறேன் தருமு. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சித்திரையில் போன் கண்ணாடி உடைந்தது. டவுனில் நிலாம் என்று ஒருவர் போன் கடை வைத்திருக்கிறார். வழுக்கைத் தலை, நாற்பத்தைந்து வயது, வாய் மூடாத மனிதர். கண்ணாடி ஒட்டிக் காயும்வரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். உங்கள் காலத்தில் கேம் எல்லாம் ஏது என்று கேலி பண்ணினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எண்பத்தைந்தாம் வருடமே இந்தத் தோட்டத்தில் கம்ப்யூட்டரில் விளையாடியவன் நான் என்றேன். அவர் நம்பவில்லை. விவரம் சொன்னேன்.

உன் லண்டன் பெரியப்பா அனுப்பிய கறுப்புப் பெட்டியைச் சொன்னேன். அழிரப்பர் மாதிரி விசைகள். டிவியில் பொருத்தி, கசெட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். பிறகு படமும் இல்லை, பாட்டும் இல்லை, எழுத்துத்தான் வரும். நீ ஒரு வயலில் நிற்கிறாய். வடக்கே ஒரு வீடு. கிழக்கே ஒரு கிணறு. என்ன செய்கிறாய்? நாம் இரண்டு சொல்லில் பதில் சொல்ல வேண்டும். விளக்கை எடு. கதவைத் திற. மூன்றாவது சொல் போட்டால் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடும் அந்தச் சனியன். ஒரு கையில் டிக்‌ஷனரி, மறு கையில் ஆபீஸில் வீசிய செக்ரோல் பேர்ப்பதிவுத் தாளின் பின்பக்கத்தில் வரைந்த குகைப் படம். எங்கே போனாலும் அந்த இரும்புக் கதவு வந்து மறிக்கும்.

நிலாம் ஐந்து நிமிடம் போனைத் தட்டினார். "அண்ணே, இதா பாருங்க" என்று நீட்டினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நீ ஒரு வயலில் நிற்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவும் அந்த மனிதர் முன்னால். கண்ணாடிப் பசை மணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து விளையாடினேன். சிரிக்காதே. நாள் முழுக்க என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது மட்டும்தான், என்ன செய்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோழிக்குத் தீனி போட்டுவிட்டு ஓடிவந்து பதில் சொல்வேன்.

நாம் கடிதத்தில் விளையாடியதை நிலாமிடம் சொல்லவில்லை. அது நம்முடையது. 87இல் உன் அப்பா, பெரிய கிளாக்கர் ஐயா, பென்ஷன் எடுத்துக் கொடிகாமத்துக்குப் போனபோது பெட்டியும் லொறியில் ஏறிவிட்டது. நான் நாய்க்குட்டி மாதிரி லொறிக்குப் பின்னால் பாலம்வரை வந்தேன். இரண்டு வாரத்தில் உன் கடிதம் வந்தது. நீ அங்கேயிருந்து கட்டளை எழுது மச்சான், நான் இங்கே தட்டி, வருவதை எழுதி அனுப்புகிறேன் என்று இருந்தது. ஒரு கடிதத்துக்குப் பத்துக் கட்டளை. இந்த உலகத்தில் வேறு இரண்டு பைத்தியங்கள் இப்படி விளையாடியிருக்குமா தெரியாது. பிறகு எனக்கு ஆபீஸில் வேலை கிடைத்தது. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸ் தப்பால் பையில்தானே வரும்? அந்தப் பையைத் திறந்து பிரிப்பது என் வேலை. உன் சாய்ந்த எழுத்தைத் தேடிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் பையைக் கொட்டுவேன்.

90 ஆனியில், பாழும் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கிச் சாவி எடுத்து, இரும்புக் கதவைத் திறந்துவிட்டாய் என்று எழுதினாய். ஆபீஸில் சத்தம் போட்டுச் சிரித்துத் தோட்டத் துரையிடம் ஏச்சு வாங்கினேன். அதற்குப் பிறகு சண்டையில் பாதை மூடிக் கடிதம் கப்பலில் வந்த காலம். இரண்டு மாதம், மூன்று மாதம். ஆனாலும் வந்தது. பதினொரு கடிதம், கடைசி ஒன்று மட்டும் என் கைக்கு வரவில்லை. கதவுக்கு அப்பால் என்னவெல்லாம் இருந்தன!

போன மாதம் 12ஆம் திகதி, மத்தியானம், நான் போனில் அந்த இரும்புக் கதவைத் திறந்தேன்.

அங்கே மூன்று அறை தருமு. மூன்றே மூன்று. ஒரு பாதை, ஒரு மண்டபம், ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்ததும் வாழ்த்துகள், விளையாட்டு முடிந்தது என்று வந்தது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். பனங்குற்றிக் கூரை போட்ட அறை எங்கே? போத்தல் விளக்கு எங்கே? ஏரி எங்கே? மறுபடி முதலிலிருந்து ஆடினேன். வடக்கே, தெற்கே, எல்லாச் சுவரையும் தட்டினேன். நான்கு நாள். பிறகு றக்வானவுக்கு இறங்கிப் போய் நிலாமைப் பிடித்தேன். "அண்ணே, இதுதான் அந்தக் கேம், முழுசும் இவ்வளவுதான். இதுக்கு மேல யாராவது சொன்னா அது அவர் சொந்தச் சரக்கு" என்றார்.

5ஆம் திகதி

நேற்று மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. அதோடு நிறுத்தினேன். இன்றைக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

தக்‌ஷிகா டீச்சர் பஸ்ஸுக்கு நிற்கும் இடம் என் வாசலுக்கு நேரே. மழை வந்தால் உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரை போடுவேன். ஒரு நாள் அவரிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். பனங்குற்றியை வரிசையாக அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட கூரை, உள்ளே குனிந்துதான் இருக்கலாம், அப்படி ஒரு அறை இங்கிலீஷ்காரன் குகையில் எப்படி வரும் டீச்சர் என்று. அவர் சிரிக்கவில்லை. "அது பங்கர் ஐயா. எங்கட வீட்டுப் பின்வளவிலயும் இருந்தது" என்றார்.

ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், நூல் திரி, அதுதான் உன் விளக்கு என்று நீ எழுதியதைச் சொன்னேன். "அதிலதான் எங்கட அண்ணாமார் படிச்சவையள்" என்றார். இருட்டில் மட்டும் கடக்கக்கூடிய ஏரி, படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போவார்கள், வெளிச்சம் காட்டினால் செத்தாய் என்று எழுதியிருந்தாயே, அதையும் சொன்னேன். "அது கிளாலிக் கடல், சண்டையில பாதை பூட்டினாப் பிறகு சனம் இரவில கடந்தது. எங்கட அம்மா என்ர மூத்த அக்காவை மடியில வச்சுக்கொண்டு அதாலதான் வந்தவ" என்றார். பஸ் வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.

அட மடையா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். இங்கிலீஷ்காரன் குகையில் பனைமரம் எப்படி முளைக்கும் என்று எனக்கு ஒரு நாளாவது உறைத்ததா? இல்லையே. பனைமரத்தை நான் நேரில் பார்த்ததில்லை. நீ எழுதினால் இருக்கும் என்று நம்பினேன். கரண்ட் இல்லையாமே, எப்படி விளையாடுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றுகிறோம் மச்சான் என்று எழுதினாய். அதையும் நம்பினேன்.

ஒன்றை மட்டும் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். 91ஆம் வருடக் கடிதம். ஓர் அறையில் வயதானவர் ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், இருமுகிறார், பேசவில்லை என்று எழுதினாய். நான் கெட்டிக்காரன் மாதிரி, மருந்து கொடு என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உன்னிடம் மருந்து இல்லை. நாற்காலி காலியாக இருக்கிறது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? நாற்காலியை எடு. அந்த விளையாட்டில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பையில் போட வேண்டும் என்பது பழக்கம். அதற்கு நீ எழுதினாய்: நாற்காலி கனமாக இருக்கிறது. நீ அதைத் தூக்கவில்லை.

கிளாக்கர் ஐயா 91இல் தவறிவிட்டார் என்று தக்‌ஷிகா டீச்சர் போன கிழமைதான் சொன்னார்.

ஏன் நேராக எழுதவில்லை? கடிதத்தை உடைத்துப் பார்ப்பார்கள் என்ற பயமா? சொன்னால் நான் விளையாட்டை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாயா? நீ எனக்கு எழுதியதெல்லாம் உன் வீடு, உன் பாடு. நான் அதில் சாமான் பொறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனிமேல் என் குற்றம். இதை எழுத இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டேன், இன்னும் கை வரவில்லை.

93 மே மாதம். ஜனாதிபதி குண்டில் செத்த பிறகு எங்கும் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஆபீஸுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. உன் பதினோராவது கடிதம் என் கைக்கு வரவேயில்லை, அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. என் மேசை லாச்சியிலிருந்து மற்றதையும், குகைப் படங்களையும் அள்ளினார்கள். யோசித்துப் பார். வடக்கேயிருந்து வந்த கடிதம். சுரங்கப் படம். கயிற்றைக் கட்டு, சாவியை எடு, இருட்டில் இறங்கு, படகில் ஏறு. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருவன் பக்கம் பக்கமாகக் கட்டளை எழுதி அனுப்புகிறான். நானே பொலிஸாக இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

ஸ்டேஷனில் ஓர் இன்ஸ்பெக்டர் படத்தை விரித்து, "மே மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். அதைச் சிங்களத்தில் எப்படி விளக்குவது? சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனாலும் அந்த விளையாட்டுக்கு வார்த்தை இல்லை. விளையாட்டு ஐயா, கம்ப்யூட்டர் விளையாட்டு என்றேன். கம்ப்யூட்டர் எங்கே என்றார். யாழ்ப்பாணத்தில் என்றேன். அவர் கோபப்படவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிதானமாகக் கேட்டார், யாழ்ப்பாணத்தில் மூன்று வருடமாகக் கரண்ட் இல்லையே தம்பி, கம்ப்யூட்டர் எப்படி ஓடும் என்று. நான் சைக்கிள் டைனமோவைச் சொன்னேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடும், டிவி ஓடுமா, நீயே சொல்லு என்றார் அவர்.

பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். என்னென்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. அடியைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. அந்த மனிதர் கேட்டது நியாயம்தானே? கரண்ட் இல்லை என்றால் விளையாட்டு இல்லை. விளையாட்டு இல்லை என்றால் நீ எனக்கு எழுதியதெல்லாம் என்ன? பத்தொன்பது நாளும் யோசித்தேன். கடைசியில் நானும் அவர்கள் சொன்னதற்கே வந்துவிட்டேன். தருமு என்னைத் தபால்பெட்டியாக வைத்து யாருக்கோ வேலை பார்த்திருக்கிறான், விளையாட்டுக் காட்டி என்னை மாட்டிவிட்டான் என்று.

அப்பா வந்து துரையின் கடிதத்தைக் காட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே வடக்குப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்காத." வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி தப்பால் பை.

ஆவணியில் உன் கடிதம் வந்தது. அடுத்த தையில் இன்னொன்று. இரண்டையும் நான் திறக்கவில்லை. சிவப்பு மையில், ஆள் இங்கு இல்லை என்று எழுதி, தோட்டத்து முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பினேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே என் கையால் எழுதினேன். ஆறு வருடம் என் எழுத்தைப் படித்தவன் நீ. உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று. பயம் என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். முதல் உறையில் பயம் இருந்தது உண்மை. இரண்டாவதில் ஆத்திரம்தான் இருந்தது. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் அத்தனை பெரிய எழுத்தில் எழுதினேன்.

இதுதான் குற்றம். பிரேமலதாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

6ஆம் திகதி

பதினோராவது கடிதத்தை நான் ஒரே ஒரு தரம் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் மேசையில். அவர் வாசித்து மொழிபெயர்க்கச் சொன்னார். வரி வரியாக நினைவிருக்கிறது. நீ ஏரிக்கரையில் நிற்கிறாய். இருட்டு. படகில் ஓர் இடம் இருக்கிறது. உன்னோடு வந்தவருக்கு நடக்க முடியாது. அவர், நீ போ என்கிறார். என்ன செய்கிறாய்? அதன் கீழே வழக்கமாக இல்லாத ஒரு வரி இருந்தது. இந்தமுறை பத்துக் கட்டளை வேண்டாம் மச்சான், ஒன்று போதும், கெதியாக எழுது.

தக்‌ஷிகா டீச்சர் சொன்னார், டீச்சருக்குத் தொண்ணூற்றிரண்டில் ஷெல் பட்டு ஒரு கால் போனதாம். குவாட்டர்ஸிலிருந்து பள்ளிக்கூடம்வரை புடவையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி வருவாரே, அந்தக் கால். நீ கல்யாணம் கட்டவில்லையாம். வெளிநாடு போகவில்லையாம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கடைசிவரை டீச்சரைத் தூக்கிக் குளிப்பாட்டி, அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாயாம். இப்போது தனியாக இருக்கிறாயாம்.

ஆகவே என் கேள்வி. அந்தக் கரையில் நின்று நீ என் பதிலுக்குக் காத்திருந்தாயா? நான் எழுதாததால்தான் படகில் ஏறாமல் விட்டாயா?

உண்மையைச் சொல்கிறேன், பிடிபடாமல் இருந்திருந்தால் நான் படகில் ஏறு என்றுதான் எழுதியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன். முன்னால் போ, அடுத்த அறையைப் பார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆட்டம். கூட நிற்பது டீச்சர் என்று தெரியாமல், எனக்குச் சோறு போட்ட கையை விட்டுவிட்டுப் போ என்று உனக்கு எழுதியிருப்பேன். நீ போயிருந்தால் இன்றைக்கு எங்காவது குளிர் நாட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்திருப்பாய், டீச்சர் அந்தக் கரையில் தனியாக இருந்திருப்பார். எழுதியிருந்தால் நல்லதா, எழுதாமல் விட்டது நல்லதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு நிம்மதி இல்லை. உன்னைத் தவிர யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. காத்திருந்தேன் என்று நீ எழுதினால் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். என் பங்கு அது.

திரும்பி வந்த அந்த இரண்டு கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்றும் தெரிய வேண்டும். வைத்திருக்க மாட்டாய். எரித்திருந்தாலும் நியாயம். நினைவில் இருந்தால் இரண்டு வரி எழுது.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது டீச்சரின் முப்பத்தோராம் நாள் முடிந்திருக்கும். அதுவரை ஆட்கள் வந்து போவார்கள், சமையல் நடக்கும், வாசலில் செருப்பு கிடக்கும். பிரேமலதாவின் பதினாறு முடிந்து, இரவல் கதிரைகளையும் கிடாரத்தையும் கோயிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோதுதான் அவள் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுவேன். நீயும் போடுவாய். அந்த நாட்களில் உன் வீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆளாக இருக்க எனக்கு ஆசை. தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

விசாரித்து வைத்திருக்கிறேன். றக்வானவிலிருந்து காலை பஸ்ஸில் இரத்தினபுரி, அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் பஸ். கொடிகாமம் சந்தியில் இறக்கிவிடுவார்களாம். முழங்கால் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை. தக்‌ஷிகா டீச்சர், "ஐயா, நீங்கள் நேர போய் நில்லுங்கோ, ஒருத்தரும் துரத்தமாட்டினம்" என்கிறார். அவருக்குச் சிவப்பு மை விஷயம் தெரியாது. நீ சொல்லாமல் நான் வர மாட்டேன். அந்த ஆறு வருடமும் கட்டளை எழுதியது நான். இனி நீ எழுது.

வா என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். வராதே என்று எழுதினால் வர மாட்டேன், உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று வைத்துக்கொள்வேன். ஏச வேண்டுமா, பக்கம் பக்கமாக ஏசு, முப்பத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஏசு. டீச்சரின் ஆத்மா சாந்தியடையவும், உன் உடம்பு நன்றாக இருக்கவும் எங்கள் முத்துமாரியிடம் கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே தருமு. அதை நான் உனக்குச் செய்தேன், நீ எனக்குச் செய்துவிடாதே.

உன்னுடைய,
கா. இந்திரகுமார்